பாசிர் கூடாங்கில் சிம்மத்தின் மூவர்: அன்றும் இன்றும்

மார்ச், ஏப்ரல் இரவுகளில் சிம்ம ராசி பாசிர் கூடாங்கின் உச்சி வானத்தை ஒட்டியே கடந்துபோகும். அதில் எம் 65, எம் 66, என்ஜிசி 3628 என்ற மூன்று விண்மீன் மண்டலங்கள் ஒரே கூட்டமாக நிற்கின்றன. தொலைவு சுமார் 3.5 கோடி ஒளியாண்டு. ஒன்றை ஒன்று ஈர்த்து இழுத்ததில் எம் 66-இன் சுருள் கைகள் கோணிப்போயின. என்ஜிசி 3628-இலிருந்து ஏறக்குறைய 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு மங்கலான வால் ஒன்று பிய்ந்து நீள்கிறது.

1970-களில் துறைமுகம் வருமுன் பாசிர் கூடாங் கடலோரக் கிராமம். இருட்டுக்குக் குறைவில்லை. படம்பிடிப்பதுதான் பெரும்பாடு. மங்கலான ஒளியில் நேரம் ஆக ஆக ஃபிலிம் மந்தமாகிவிடும். ஷட்டரைத் திறந்துவைத்து, குறுக்குக்கம்பி போட்ட கண்வில்லையில் ஒரு விண்மீனையே பார்த்தபடி, அது விலகும்போதெல்லாம் தொலைநோக்கியைக் கையால் திருத்த வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகும். கொசு கடித்தாலும் அசையக் கூடாது. விழுந்தது புள்ளியா கோடா என்பது ஃபிலிமைக் கழுவினால்தான் தெரியும். போதாக்குறைக்கு, ஊர் பூமத்திய ரேகைக்கு 1.5 டிகிரி வடக்கே இருப்பதால் துருவ நட்சத்திரம் தொடுவான மங்கலில் மறைந்துவிடும். தொலைநோக்கியின் அச்சை வடக்கே நேராக்க அடையாளமே இல்லை.

இன்று கணினி, தெரிகிற விண்மீன்களை வைத்தே வடக்கைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நகர்வைத் திருத்தும் வேலையை ஒரு சிறு கேமரா பார்த்துக்கொள்கிறது. குளிரூட்டிய சென்சாரில் ஒரு நிமிடப் படங்களாக நூறு, இருநூறு எடுத்து அடுக்கினால் இரைச்சல் அடங்கி மூவரும் தெளிவார்கள்.

ஆனால் இருட்டு போய்விட்டது. துறைமுக விளக்குகள், ஆலைகளின் தீச்சுடர், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். வானம் 10 மடங்கு வெளிச்சமானால், மங்கலான வாலை அதே தெளிவில் எடுக்க 10 மடங்கு நேரம் வேண்டும். நெபுலாவுக்கு உதவும் குறுகிய அலைவரிசை ஃபில்டரும் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. விண்மீன் மண்டலத்தின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியது. சோடியம் விளக்கின் மஞ்சளையாவது வடிகட்டலாம். வெள்ளை எல்இடியை என்ன செய்வது?

ஆகவே மூவரையும் வீட்டு வாசலிலிருந்தே எடுக்கலாம். வாலுக்கு, இருட்டான மெர்சிங் பக்கம் போவதே மேல். தெருவிளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி போட்டாலே வானத்துக்கு வீணாகும் வெளிச்சம் பெரிதும் குறையும். மாநகர் மன்றம் அதையாவது செய்யட்டும்.