மேல்மாடிச் சத்தம்: வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் செய்யக்கூடியவை

சொந்தக் காணிக்குத் திரும்பும் வரை, அல்லது வீட்டுத்திட்ட வீட்டின் வேலை முடியும் வரை, மீளத்திரும்பிய பல குடும்பங்கள் யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களில் மாடி வீட்டின் கீழ்த்தளத்தையோ மேல்தளத்தையோ வாடகைக்கு எடுத்து வாழ்கின்றன. தனி வளவும் வேலியும் உள்ள வீட்டில் வாழ்ந்து பழகியவர்களுக்குத் தலைக்கு மேலே இன்னொரு குடும்பம் நடமாடுவது புதிய விடயம். நள்ளிரவில் கதிரை இழுபடும் சத்தம், விடியப்புறம் உரல் இடிக்கும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம் ஆகியவை நித்திரையையும் பிள்ளைகளின் படிப்பையும் குழப்புகின்றன.

“நாங்கள் வந்து குடியிருக்கிறவர்கள், எப்படிக் கேட்பது?” என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பொறுமை இழந்து சண்டை பிடிக்கிறார்கள், அல்லது வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். மீண்டும் வீடு மாறினால் கொடுத்த முற்பணம், பிள்ளைகளின் பாடசாலை, கிராம அலுவலரிடம் உள்ள பதிவு ஆகிய எல்லாமே சிக்கலாகும். சண்டையும் வேண்டாம், இன்னொரு இடப்பெயர்வும் வேண்டாம். கீழே உள்ள படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பாருங்கள்.

சத்தம் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது?

சத்தம் இரண்டு வகையாகக் கீழே வருகிறது. கதைக்கும் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் காற்றின் வழியே யன்னலாலும் படிக்கட்டாலும் வருகின்றன. யன்னலைச் சாத்தினால் இவை ஓரளவு குறையும். கதிரை இழுத்தல், ஓடுதல், இடித்தல், பாத்திரம் விழுதல் ஆகியவை அப்படியல்ல. இவை கொங்கிறீட் தட்டை நேராகத் தாக்குகின்றன. தட்டு முழுவதும் அதிர்ந்து, மேளத்தின் தோல் போல அந்தச் சத்தத்தைக் கீழ் அறைக்கு அனுப்புகிறது. தரையில் மாபிள் பதித்திருந்து பாய் எதுவும் விரிக்காவிட்டால் சத்தம் இன்னும் கூடும்.

இதனால் மேலே இருப்பவருக்குச் சிறிதாகக் கேட்கும் சத்தம் கீழே இருப்பவருக்கு இடிபோலக் கேட்கலாம். பெரும்பாலும் அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. தங்கள் சத்தம் கீழே கேட்பதே பலருக்குத் தெரியாது. அத்துடன், இந்த வகைச் சத்தத்தை அது தொடங்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். கீழே இருந்துகொண்டு தும்புத்தடியால் கூரையைத் தட்டினால் கோபம் மட்டும்தான் வளரும். ஆகவே மேல்வீட்டாருடன் கதைக்காமல் இதற்குத் தீர்வு இல்லை.

படி 1: ஒரு கிழமை குறித்து வையுங்கள்

ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன சத்தம், அதனால் என்ன பாதிப்பு என்பவற்றை எழுதுங்கள். “எந்த நேரமும் சத்தம்” என்று சொன்னால் யாரும் திருந்த முடியாது. “இரவு பத்து மணிக்குப் பிறகு கதிரை இழுக்கும் சத்தம்” என்று சொன்னால் அதை மாற்றலாம். பின்னர் வீட்டு உரிமையாளரிடமோ மத்தியஸ்த சபையிடமோ போக நேர்ந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.

படி 2: நேரில் போய்க் கதையுங்கள்

சத்தம் கேட்கும் நேரத்திலோ கோபத்துடனோ போக வேண்டாம். அடுத்த நாள் பகலில், ஒருவர் அல்லது இருவர் மட்டும் போங்கள். முதலில் சுகம் விசாரியுங்கள். பிறகு ஒரேயொரு விடயத்தைக் கேளுங்கள். உதாரணமாக:

“அக்கா, கோவிக்காதேங்கோ, ஒரு சின்ன விசயம் கதைக்க வந்தனான். மகள் இந்த வருசம் ஓ.எல். எடுக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கதிரை இழுபடுற சத்தம் கீழை பெரிசாக் கேக்குது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த நேரத்திலை மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுவியளே? எங்கடை வீட்டாலை உங்களுக்கு ஏதும் கரைச்சல் இருந்தாலும் சொல்லுங்கோ.”

கடைசி வசனம் முக்கியமானது. உங்கள் அடுப்புப் புகையோ வானொலிச் சத்தமோ அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கலாம். ஊர், சாதி, சமயம், யார் எப்போது வந்தவர் என்ற கதைகளை எடுக்க வேண்டாம். மேலே இருப்பவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்களாக இருக்கலாம்.

செலவில்லாமல் சத்தத்தைக் குறைக்கும் வழிகள்

• பழைய றப்பர் செருப்பைத் துண்டுகளாக வெட்டிக் கதிரை, மேசைக் கால்களின் அடியில் ஒட்டலாம். துண்டுகளை நீங்களே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்பதும் சுலபம்.
• மா, மிளகாய்த்தூள் இடிப்பதைக் கீழே முற்றத்தில், பகலில் செய்யலாம்.
• பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தடித்த பாய் அல்லது மடித்த சாக்கு விரிக்கலாம்.
• தண்ணீர் மோட்டர் மேல்தட்டில் அல்லது சுவரோடு பூட்டப்பட்டிருந்தால் அதன் கீழே தடித்த றப்பர் வைக்கலாம். தாங்கியை மாலையிலேயே நிரப்பினால் இரவில் மோட்டர் போடத் தேவையில்லை.
• கீழே இருப்பவர்கள் படிக்கும் மேசையையும் முதியவரின் கட்டிலையும் மேல்வீட்டுக் குசினிக்கும் விறாந்தைக்கும் நேர்கீழே வைக்காமல் வேறு அறைக்கு மாற்றலாம்.

நீங்கள் மேல்தளத்தில் குடியிருந்தால் இதே பட்டியல் உங்களுக்கும் பொருந்தும். கீழ்வீட்டார் வந்து முறையிடும்வரை காத்திருக்காமல், “சத்தம் ஏதும் கேக்குதே?” என்று நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படி 3: வீட்டு உரிமையாளருக்கு அறிவியுங்கள்

இரண்டு தரம் கதைத்தும் மாற்றம் இல்லாவிட்டால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். இரண்டு தளங்களும் ஒருவருக்கே சொந்தம் என்றால் அவரால் இரு பகுதியாருக்கும் பொதுவான நேர ஒழுங்கு வைக்க முடியும். வாயால் சொன்னபின் திகதியிட்ட சிறு கடிதம் ஒன்றும் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் வீடுகளில், அயலில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை கொடுப்பது ஒரு வாடகையாளரை வெளியேற்ற வழக்குத் தொடர்வதற்குரிய காரணங்களில் ஒன்றாகும். இது உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

சத்தத்தைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்த வேண்டாம். வாடகை நிலுவை உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முறையிட்டதற்காக உங்களைப் பலவந்தமாக வெளியேற்ற முயன்றால், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று சொல்லி, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு உதவவே அந்த ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது.

இனிமேல் வீடு எடுக்கப் போகிறவர்கள் உடன்படிக்கையில் அமைதி நேரம், மோட்டர் போடும் நேரம், முற்றமும் கிணறும் யாருக்கு என்பவற்றை எழுதிக்கொள்வது நல்லது. வீடு பார்க்கப் பகலில் மட்டும் போகாமல், மேல்வீட்டார் வீட்டில் இருக்கும் மாலை நேரத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

படி 4: மத்தியஸ்த சபை

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் அயலவர் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கு ஏற்ற இடம். உங்கள் பகுதிச் சபையின் தவிசாளருக்குப் பிணக்கைச் சுருக்கமாக எழுதி விண்ணப்பியுங்கள். சபை எங்கே, எப்போது கூடுகிறது என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறியலாம். இங்கே வழக்கறிஞர்கள் தோன்றுவதில்லை. நீங்களே உங்கள் விடயத்தைத் தமிழில் சொல்லலாம்.

மத்தியஸ்தர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு பகுதியாரும் ஏற்கும் ஒரு முடிவுக்கு வர உதவுகிறார்கள். இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் வரும். ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். பின்னர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அதைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். போகும்போது தேசிய அடையாள அட்டை, வாடகை உடன்படிக்கை, சத்தக் குறிப்புக் கொப்பி, கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

பொலிஸ் நிலையத்துக்கு எப்போது போவது?

கதிரைச் சத்தத்துக்குப் பொலிசுக்குப் போனால் அயலுறவு முறிந்துவிடும். ஆனால் மிரட்டல், தாக்குதல், சொத்துக்குச் சேதம் என்று வந்தால் தாமதிக்க வேண்டாம். அவசரத்துக்கு 119. ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி பொதுவாகக் கொடுக்கக் கூடாது என உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். எழுதியதை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து அடிக்கும் சத்தமும் அழுகையும் கேட்டால் அதைச் சத்தப் பிரச்சினையாக எண்ண வேண்டாம். அங்கே ஒருவர் ஆபத்தில் இருக்கலாம். சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களுக்கு அறிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிசாரும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்.

சத்தம் பழையவற்றை நினைவூட்டினால்

பதுங்குகுழிக்குள் இருந்து ஷெல் விழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, மேலே திடீரென்று ஏதாவது விழுந்தால் நெஞ்சு படபடக்கலாம், வியர்க்கலாம், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடத் தோன்றலாம். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. உடல் பழைய ஆபத்தை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கால்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, “இது கதிரை, நான் வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது என்ன சத்தம் என்று விளங்கப்படுத்துங்கள். முடிந்தால் மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மேல்வீட்டாரிடமும் இதைச் சொல்லலாம். காரணம் தெரிந்தால் பலர் கவனமாக இருப்பார்கள். நித்திரையின்மை, கெட்ட கனவு, திடுக்கிடுதல் என்பவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். தொலைபேசியில் கதைக்க 1926 என்ற இலக்கம் உண்டு.