மலர்வளையமும் ரோட்டுப் பள்ளமும்: இங்கிலாந்து கவுன்சிலருக்கு ஏன் இந்த ரெண்டு வேலை?

நவம்பர் 2-வது ஞாயிறு, காலை 11 மணி. இங்கிலாந்தின் சின்ன ஊர்களில்கூட 2 நிமிட மௌனம். போர் நினைவுச் சின்னத்தில் பாப்பி மலர்வளையம் வைப்பவர்களில் உள்ளூர் கவுன்சிலரும் இருப்பார். மறுநாள் அவரே ரோட்டுப் பள்ளத்தை போட்டோ எடுத்துட்டு இருப்பார். விளம்பரம்தானே? கொஞ்சம் அப்படித்தான். ஆனா, ரெண்டுக்குப் பின்னாலும் சட்டம் இருக்கு.

நினைவுச் சின்னப் பராமரிப்புக்கு உள்ளாட்சிப் பணத்தைச் செலவிட வழிவிட்டது 1923-ம் ஆண்டு சட்டம். 2-ம் உலகப் போரில் இறந்தவர்களுக்கும் அதே சின்னம் பொருந்தும்படி மாற்ற, 1948-ல் அனுமதி வந்தது.

சிக்கல் ரோட்டில்தான். 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி ஊர்ச் சாலைகளைப் பராமரிப்பது கவுன்சிலின் கடமை. பள்ளத்தில் விழுந்து அடிபட்டால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனா, நியாயமான அளவுக்குக் கவனமா இருந்தோம்னு நிரூபித்தால், 58-வது பிரிவைக் காட்டி கவுன்சில் தப்பிக்கலாம். பள்ளம் இருந்தது முன்கூட்டியே தெரியுமா என்பதையும் கோர்ட் பார்க்கும். கவுன்சிலரின் புகார் பதிவாகியிருந்தால், 'தெரியாது'ன்னு சொல்ல முடியாது. அந்த போட்டோவுக்கு மதிப்பே அங்கதான்.

புகாரை யார் வேணும்னாலும் கொடுக்கலாம். பல இடங்களில் நினைவுச் சின்னம் பாரிஷ் கவுன்சிலோடது, ரோடு கவுண்டி கவுன்சிலோடது. மாத்தி அனுப்பினா நாள்தான் வீணாகும்.