செல்போனில் கோவிலைச் சுற்றினால் தலை சுற்றுதா?

அருப்புக்கோட்டை: திருச்சுழி திருமேனிநாதர் கோவில் திருவிழாவை 360 டிகிரி வீடியோவாக விட்டால், திருப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் கூட்டத்துக்கு நடுவே நிற்பதுபோல நாலாபக்கமும் திரும்பிப் பார்க்கலாம். யூடியூப்பில் 2015 முதல் இந்த வசதி உண்டு.

ஆனால் ‘4கே’ என்று போட்டிருந்தும் படம் மங்கலாகத்தான் தெரியும். காரணம், 3,840 புள்ளி அகலம் சுற்றுவட்டம் முழுக்க பங்கு போய்விடும். கண் முன்னால் தெரியும் கால்வாசிக்கு 960 புள்ளிதான். ‘நெட்’ மந்தமான இடத்தில், பார்க்கும் திசையை மட்டும் தெளிவாக அனுப்புவது உண்டு. வெடுக்கென்று திரும்பினால் அங்கே மசமசதான்!

தலையில் மாட்டும் கருவியில் பார்த்தால் சிலருக்கு குமட்டலும் வரும். அது கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப்போவுது? அதனால 10 ஆய்வுக்கூடங்களில் 300 பேருக்கு மேல் உட்கார வைத்து, படத்தின் தரத்துக்கு 5-க்கு மார்க் போடச் சொல்லி, தலைசுற்றல் பற்றியும் கேட்டனர். அதை வைத்தே சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020-ல் சோதனை முறையை வகுத்தது.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால் தலைசுற்றல் குறையும். நடந்துகொண்டே எடுத்தால் பார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.