உள்ளே கிருமி இல்லாத தடுப்பூசி

2014 முதல் 2016 வரை கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் பரவிய எபோலா, 11,300க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. முதலிரண்டு நாடுகளிலும் முஸ்லிம்களே பெரும்பான்மை. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும் அந்நோய் தொற்றியது.

இத்தகைய குருதிப்பெருக்குக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிப்பது இலகுவானதல்ல. எபோலா வைரஸைக் கையாள அதியுயர் பாதுகாப்புள்ள ஆய்வுகூடம் வேண்டும். அதைக் கொன்று ஊசியில் ஏற்றுவதென்றால், ஒன்றிரண்டு தப்பியிருக்குமோ என்ற பயம். கொல்லும் முறையே வைரஸின் புரதங்களைச் சிதைத்துவிடவும் கூடும். பிறகு உடல் எதை அடையாளம் காண்பது?

ஆய்வாளர்கள் கண்ட வழிகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எபோலாவில் விபி40 என்றொரு புரதம் உண்டு. ஆய்வுகூடக் கலங்களில் அதை மட்டும் உற்பத்தி செய்தாலே போதும். அப்புரதங்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்து, நூல் போன்ற கூடாகிக் கலத்தை விட்டு வெளியேறும். வைரஸின் மேற்பரப்பில் முள்ளாக நிற்கும் புரதத்தையும் சேர்த்துவிட்டால், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அசல் எபோலா மாதிரியே தெரியும். ஆனால் பெருகுவதற்கான கட்டளைகளைச் சுமக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே இல்லை. இவற்றையே வைரஸ் போன்ற துணிக்கைகள் என்கிறார்கள். இவை ஏற்றப்பட்ட குரங்குகள், பின்னர் உண்மையான எபோலா செலுத்தப்பட்டபோதும் உயிர் தப்பின.

அப்படியானால் இன்று பாவனையிலுள்ள எபோலாத் தடுப்பூசி இதுவா? இல்லை. 2019இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது வேறு வகை. கால்நடைகளைத் தாக்கும் ஒரு வைரஸை மாற்றியமைத்து, எபோலாவின் மேற்பரப்புப் புரதத்தை அதில் பொருத்தியிருக்கிறார்கள். அது உயிருள்ள வைரஸ். ஒரே தவணை போதும். துணிக்கைகளுக்கோ பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட தவணைகளும், நிர்ப்பீடனத்தைத் தூண்டும் துணைப்பொருளும் தேவை. நோய் பரவிக்கொண்டிருக்கும் கிராமத்தில் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அவசரமில்லாத இடத்தில் கதை வேறு. எமது பாடசாலைகளில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியும் இதே போன்ற வெற்றுக் கூடுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கவே அது தரப்படுகிறது. "பிள்ளைக்கு வியாதியையே ஏற்றுகிறார்களாமே?" என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. ஊசிக்குப் பிறகு கை வலிக்கலாம், ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம். அது அந்தக் கூட்டை அந்நியனென்று உடல் அடையாளம் கண்டுகொள்வதால் வருவது. கிருமி பெருகுவதால் அல்ல.