தாய் மாறியது, சேய் மாறவில்லை

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கத் தொடங்கியதும், பாமன்கடையில் ஹாட்வெயார் கடை நடத்தும் என் மாமாவுக்குப் பைதன் மொழியில் ஒரு பில் செய்நிரல் எழுதிக் கொடுத்தேன். 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. செய்நிரலில் 15 இருந்த இடத்தில் 18 என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் மாலை மாமா அழைத்தார். "மகள், சில்லறை பில் சரி. கொந்தராத்துக்காரர் பில்லில் மட்டும் பழைய வரிதான் விழுது."

ஒரு இலட்சம் ரூபா சாமானுக்கு 3,000 ரூபா வித்தியாசம். குறைந்த வரி கடையின் தலையில்தான் விழும்.

என் செய்நிரலில் 'பில்' என்பது தாய் வகுப்பு. 'கொந்தராத்து பில்' அதன் சேய் வகுப்பு. தாயிடம் உள்ள பெறுமானங்களையும் செயல்களையும் சேய் மீண்டும் எழுதாமலே பெற்றுக்கொள்வதை மரபுரிமை என்கிறோம். 1967இல் நோர்வே நாட்டின் டால், நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலிருந்து வந்த கருத்து இது.

அப்படியானால் சேய் ஏன் மாறவில்லை? ஒரு பெயரைக் கண்டால் பைதன் முதலில் அந்தப் பொருளிடம் தேடும். பின்னர் சேய் வகுப்பில், அதன் பின்னரே தாய் வகுப்பில் தேடும். கிடைத்த இடத்தில் நின்றுவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேய் வகுப்பிலும் 15ஐ நான் எழுதி வைத்திருந்தேன். அதனால் தாயிடமிருந்த 18 வரை தேடல் போகவே இல்லை. கணினியின் பார்வையில் அது பிழையுமல்ல. ஆகவே எந்தச் செய்தியும் திரையில் வரவில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு பிழைகளும் உண்டு. சேய் வகுப்புக்குத் தனியான 'இனிட்' எழுதிவிட்டு, 'சூப்பர்' மூலம் தாயின் 'இனிட்'டை அழைக்க மறந்தால், தாய் அங்கே உருவாக்கும் மாறிகள் சேயிடம் இரா. அவற்றைக் கேட்டவுடன் செய்நிரல் பிழை காட்டி நின்றுவிடும். தாயின் செயலை மாற்றி எழுதும்போது பெயரில் ஓர் எழுத்துத் தவறினால், நாம் எழுதியது ஒதுங்கிக் கிடக்க, தாயின் பழைய செயலே இயங்கும். நின்றுபோகும் பிழையை உடனே பிடித்துவிடலாம்; சத்தமின்றி ஓடும் பிழைதான் ஆபத்தானது.

விடை தவறினால், 'இந்தப் பெறுமானம் எந்த வகுப்பிலிருந்து வந்தது?' என்று முதலில் கேளுங்கள். வகுப்பிடம் 'எம்ஆர்ஓ' என்ற செயலை அழைத்தால், தேடும் ஒழுங்கைப் பட்டியலாகத் தரும். அந்த ஒழுங்கிலேயே ஒவ்வொரு வகுப்பாகப் பாருங்கள். திருத்திய பின் ஒவ்வொரு சேய் வகுப்பிலும் ஒரு மாதிரி பில் போட்டு, கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். நான் சில்லறை பில்லை மட்டுமே சோதித்திருந்தேன்.

நம் நாட்டில் இவ்வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024இல் 18 ஆனது. இப்படி மாறும் ஒன்றை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும். சேய் வகுப்பிலிருந்த அந்த ஒரு வரியை அழித்தேன், பில் சரியானது.

ஆனால் அதற்குள் வெளியே போன பில்களை மாமாதான் ஒவ்வொருவரிடமும் விளக்கித் திருத்த வேண்டியிருந்தது. என்னை அவர் ஏசவில்லை. "வரிக் காசு நம்மட காசில்ல மகள், அமானிதம்" என்று மட்டும் சொன்னார்.