எழுதும் இடத்திலேயே கணக்கு

விலைப்புள்ளி ஒன்றைத் தட்டச்சு செய்கிறீர்கள்: 36 நாற்காலி, ஒன்று 475 ரூபாய். மொத்தம் தெரியக் கால்குலேட்டரைத் திறந்து, விடையை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து அடிக்கும்போது இலக்கங்கள் இடம் மாறிவிடும். பெருக்கலைச் சரியாகப் போட்டும் தொகை தவறாகிவிடுவது இப்படித்தான்.

நெதர்லாந்துக்காரரான பிராம் மோலனார் 1991-இல் வெளியிடத் தொடங்கிய ‘விம்’ என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் இதற்கு அழகான வழி இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலுடன் ஆர் விசையை அழுத்தி, பிறகு = குறியை அடித்தால், திரையின் அடியில் ஒரு வரி திறக்கும். அங்கே 36*475 என்று அடித்து என்டரைத் தட்டினால், விட்ட இடத்தில் 17100 வந்து உட்காரும். கை விசைப்பலகையை விட்டு நகர்வதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தத் தொகைக்கு 18 சதவீத வரி காண 17100*18/100 என்று கொடுத்தால் 3078 கிடைக்கும். அதையே 18/100*17100 என்று மாற்றி எழுதினால் விடை 0! இரண்டு முழு எண்களை வகுக்கும்போது விம் தசமப் பகுதியை வெட்டிவிடுகிறது. 18/100 அங்கேயே பூஜ்யமாகிவிட்டது. அதை எதனால் பெருக்கி என்ன பயன்? 18.0 என்று புள்ளி வைத்தால் போதும், சரியாகிவிடும். பணக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் புள்ளியை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

மிகப் பெரிய எண்கள் விம்மின் முழு எண் கணக்கில் அடங்காது. அப்போது கணக்கைத் தனி வரியாக எழுதி, அந்த வரியை அப்படியே யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘பி.சி.’ நிரலுக்கு அனுப்பி, வரும் விடையை அதே இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செரியும் ராபர்ட் மோரிஸும் எழுதிய நிரல் அது. 2-இன் 100-ஆம் அடுக்கின் 31 இலக்கங்களையும் பிசகாமல் தரும்.

இப்படி வரும் விடை வெறும் எழுத்துதான். நாளை நாற்காலி விலை 490 ஆனாலும் 17100 தானாக மாறாது. அந்தக் குறையைத் தீர்ப்பது ‘ஈமாக்ஸ்’ எடிட்டரில் உள்ள ‘கால்க்’. டேவ் கில்லெஸ்பி உருவாக்கிய இதில், உரைக்குள்ளேயே விலைக்கு ஒரு பெயர் வைத்துச் சூத்திரத்தையும் எழுதிவைக்கலாம். விலையைத் திருத்திப் புதுப்பிக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் தொகைகளும் கூடவே மாறிவிடும்.