வாழைக்கு உண்டு, மனிதருக்கு இல்லை: குளோனிங் தடை பற்றித் தெரிஞ்சுக்கோங்க

ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தாய் வாழையின் அடியில் முளைக்கும் கன்று தாயின் அச்சு அசல் நகல். திசு வளர்ப்புக் கன்றும் அப்படித்தான். இதுதான் குளோனிங். பயிரில் இதற்குத் தடை இல்லை.

மனிதரில் ஏன் தடை? 1996-ல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறியாட்டைக் குளோனிங் முறையில் உருவாக்கினார்கள். 277 கருமுட்டைகளில் செய்து பார்த்ததில் உயிரோடு பிறந்து வளர்ந்தது அது ஒன்றுதான். இந்தச் சோதனையைத் தாய்மார்களிடம் செய்து பார்க்க முடியுமா?

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள், குளோனிங் மூலம் குழந்தையை உருவாக்கும் ஆய்வைத் தடை செய்கின்றன. 2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி கருவையோ கருமுட்டையையோ விற்பதும் குற்றம். முதல் முறை ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு.

சோதனைக் குழாய்க் குழந்தையும் குளோனிங்தானா? இல்லை. அதில் கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்தே கரு உருவாகிறது. அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. யாரோ சொன்னாங்கன்னு பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க.

"உங்க செல்லிலிருந்தே குழந்தை" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் முன்பணம் கட்டாதீங்க. எந்தக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாலும் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்க. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் பண்ணுங்க.